கண் பழகும்வரை

பசறைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கினால் யாரும் உடனே கொழுந்தெடுக்கப் போகமாட்டார்கள். செடிகளுக்கிடையே வெட்டிய வடிகானில் கால் போய்விடும்.

“அசையாம நில்லுங்க, கண்ணு பழகட்டும்” என்பார் கங்காணி.

செவனம்மாவும் நிற்பாள். வெறும் வெள்ளைக்குள்ளிருந்து மெல்லச் செடிகள் தெரியும். பிறகு எதிர்மலை தெரியும். அங்கே, மண்சரிவில் லயத்து வீடுகளோடு புதைந்துபோன தங்கச்சி பவானி, கூடையோடு அசையாமல் நிற்பாள். வெயில் அடித்ததும் கண் அந்த மங்கலை விட்டுவிடும், பவானியும் போய்விடுவாள். ஒருநாளும் அவள் இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

இன்று பனி விலகவேயில்லை. பவானி புருவத்தில் கைவைத்து எதையோ தேடினாள். நேராகத் திரும்பினாள்.

குரல் காதருகே கேட்டது.

“அக்கா, எனக்கு இப்பத்தான் கண்ணு பழகுச்சு. வா, இறங்குவோம்.”