துரைக்கு வேலி

“பூனைக்கு மணி கட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாய்க்குக் கரண்ட் கட்டுறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்!”

செக்கர் தோட்டத்து நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்குச் சொல்லும் ஆளைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர்.

“கரண்டெல்லாம் இல்ல சார், சுருக்குனு ஒரு கிள்ளு, அவ்வளவுதான்” என்றார் வேலி போட வந்தவர். மண்ணை நாலு விரல் ஆழத்துக்குக் கீறி, ஒயரைப் பதித்து மூடிக்கொண்டே வந்தார். “வீட்டைச் சுத்தி ஒயர் மண்ணுக்குள்ளயே ஓடும். இந்தக் கழுத்துப்பட்டையைப் போட்ட நாய் கிட்ட வந்தா, முதல்ல பீப்புனு சத்தம். அதையும் மீறினாத்தான் கிள்ளும்.”

“கேட் பக்கம்?”

“அங்கயும் குறுக்க போகுது சார். இனிமே கேட்டைத் திறந்தே போட்டாலும் நாய் தாண்டாது.”

செக்கர் கேட்டையும் அடுத்த தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள், வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு அடுத்த தெருவிலேயே குடிவந்துவிட்டாள். “அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன், அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்று நாலு பேர் முன்னால் வாயை விட்டுவிட்டார் மனுஷன். ஆனால் மகள் வளர்த்த நாய் துரைக்கு இந்தச் சபதமெல்லாம் தெரியுமா? சாயங்காலமானால் அவள் வீட்டுக்கு ஓடிவிடும். கயிற்றை எடுத்துக்கொண்டு இவர் பின்னாலேயே போவார். வாசற்படியை மிதிப்பதில்லை, கேட்டுக்கு வெளியே தெருவில்தான் நிற்பார். மகளிடமும் பேசுவதில்லை, குனிந்து துரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

“சாப்பிட்டுச்சா?”

“சாப்பிட்டுச்சு” என்பாள் மகள், துரையின் தலையைத் தடவியபடி.

“இருமல் விட்டுச்சா?”

“இப்பத் தேவலை.”

“வெயில்ல அலையக் கூடாது, என்ன?”

“சரி.”

துரைக்கு ஆயுசில் இருமலே வந்ததில்லை. அந்த நாலு வார்த்தைக்காகத்தான் செக்கருக்குப் பொழுதே விடிந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கும் வேலி.

“கேட்டைச் சாத்தி வெச்சாப் போதாதா? எதுக்கு இந்தக் கூத்து?” என்று மனைவியிடம் பாய்ந்தார்.

“சாத்தித்தான் வைக்கிறேன். சாயங்காலமானா எந்த மகராசன் வந்து திறந்து விடுறார்னுதான் தெரியல” என்றாள் அவள். “முந்தாநாள் ஒரு லாரி துரையை மயிரிழையில விட்டுட்டுப் போச்சு. அது அடிபட்டுக் கிடந்தா உங்களுக்கு நிம்மதியா?”

செக்கர் வேலி போட வந்தவர் பக்கம் திரும்பினார். வேறு வழியில் வந்தார்.

“வாயில்லா ஜீவன். அதுக்கு வலிக்காதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? கொடுங்க அதை.”

கழுத்துப்பட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். பீப் என்றது. விடாமல் இன்னும் ஓர் அடி வைத்தார்.

“அம்மாடி!”

“பரவாயில்லையே, ஏதோ ஒண்ணாவது உங்களுக்கு உறைக்குதே” என்றாள் மனைவி.

வேலி போட வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒயர் போகும் வழியெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டார். “கொஞ்ச நாள் கயிறு கட்டி நடத்திப் பழக்குங்க. கொடி கிட்ட பீப் கேட்டதும் ‘திரும்பு’ன்னு இழுங்க. பழகினதும் கொடியைப் பிடுங்கிடலாம்.”

“நீங்க சொன்னாத்தான் துரை கேக்கும்” என்று கயிற்றை அவர் கையில் திணித்தாள் மனைவி.

மறுநாளிலிருந்து சாயங்காலந்தோறும் “திரும்பு, திரும்பு” என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. துரை அடுத்த தெருவைப் பார்க்கும், பிறகு அவரைப் பார்க்கும். “என்னை ஏன்டா பாக்குற? எல்லாம் உங்கம்மா வேலை” என்பார்.

துரை மகா கெட்டிக்காரன். கொடிகளைப் பிடுங்கிய அன்று கேட் மலர்க்கத் திறந்து கிடந்தது. பீப் கேட்கும் இடம்வரை போய்விட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

“ஒரே ஒரு தடவை ஓடேன்டா” என்று கெஞ்சினார். துரை வாலை மட்டும் ஆட்டியது.

உட்கார்ந்தார், எழுந்தார். மகளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இருமல் நின்றதோ, மறுபடி பிடித்துக்கொண்டதோ, யாரைக் கேட்பது? திடீரென்று ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“துரை இங்கதானே படுத்திருக்கு! கயித்தோட எங்க கிளம்பிட்டீங்க?” என்று உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. செக்கர் திரும்பவே இல்லை.

மகள் தன் வீட்டுக் கேட்டருகில் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். செக்கர் மூச்சு வாங்க, வெறுங்கயிற்றோடு தெருவில் நின்றார். காலமெல்லாம் அடுத்தவர் சாக்கைப் பிடித்தவருக்கு, சமயத்தில் உருப்படியாக ஒரு சாக்கு வாய்க்கவில்லை.

“துரை... இந்தப் பக்கம் வந்துச்சா?”

“வரலையே.”

“ஓகோ. சாப்பிட்டுச்...” என்று குனிந்தவர், கீழே எதுவும் இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

மகள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே இறங்கி வந்தாள்.

“துரை வராதுப்பா. அம்மாகிட்ட சொல்லி அந்த வேலியைப் போட வெச்சதே நான்தான். நடுவுல அது இல்லைன்னாலாவது, ‘நீ சாப்பிட்டியா’ன்னு என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களான்னுதான்.”