மாமனார் வீட்டு ரௌட்டர்

“மாப்பிள்ளை, சும்மாதானே இருக்கீங்க? வந்து இந்த ரௌட்டரைக் கொஞ்சம் பாருங்க.”

அப்பா ஹாலிலிருந்து குரல் கொடுத்தது சமையலறையில் நின்ற மகளுக்குச் சுருக்கென்றது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏன்பா, உங்களுக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா? எந்த வேலை போச்சுன்னு மனுஷன் நொந்து கிடக்கிறாரோ, அதையே செய்யச் சொல்றீங்களே.”

அவள் கணவன் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் உதவி மையத்தில் இருந்தான். ஊரார் வீட்டு ரௌட்டர்களையெல்லாம் போனிலேயே சரி செய்கிற வேலை. கம்பெனி மையத்தையே இழுத்து மூடிவிட்டது. வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று இருவரும் இங்கே வந்தார்கள். வந்ததிலிருந்து அவன் இருக்கும் அறை சாத்தியே கிடக்கிறது. சாப்பிட வந்தாலும் தட்டோடுதான் பேச்சு.

“வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு வெளியாளைத் தேடுவாங்களா?” என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

அவள் பதில் சொல்வதற்குள் அறைக்கதவு திறந்தது.

“என்ன மாமா பிரச்சினை?”

“நெட் இழுக்குது. ரௌட்டருக்குள்ள அதை ஓட்டுற ஃபர்ம்வேருன்னு ஏதோ இருக்காமே, அது பழசாயிடுச்சாம். புதுசு போடணும்.”

“எடுத்தவுடனே போட்டுடக் கூடாது மாமா. பாதியில தடங்கல் வந்தா அப்புறம் இது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும். முதல்ல கம்ப்யூட்டரைத் தயார் பண்ணணும்.”

லேப்டாப்பைத் திறந்தான்.

“புது ஃபைலை இப்பவே இறக்கி வச்சுக்கறேன். வேலை நடக்கும்போது நெட் இருக்காது.”

“அடுப்பைப் பத்த வச்சுட்டு உப்பு வாங்க ஓடக் கூடாதுங்கிறீங்க.”

“அதேதான்.”

ஃபைல் இறங்கியது. வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பையும் ரௌட்டரையும் இணைக்க கேபிள் கேட்டான். மாமனார் டிவி கேபிளைக் கொண்டுவந்தார். அது இல்லை என்றதும், போய் அயர்ன் பாக்ஸ் ஒயரோடு வந்தார். கடைசியில் மாப்பிள்ளையே அலமாரிக்கு அடியில் தலையை விட்டு, ஒட்டடையோடு சரியான கேபிளை எடுத்தான்.

“இப்ப கம்ப்யூட்டருக்கு நாமளே ஒரு முகவரி கொடுக்கணும்.”

“ஏன், இந்த வீட்டு முகவரி ஆகாதா?”

“இது வெறும் எண்ணு மாமா. வழக்கமா ரௌட்டர் கொடுக்கும். புதுசு ஏத்தும்போது அது மயக்கத்துல இருக்கும், முகவரி கொடுக்காது, அதான் கையால போடறேன். அடுத்து ஃபயர்வால். பாதுகாப்புக்கு இருக்கிற சுவர். அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணும்.”

“சுவரை எடுத்துட்டா திருடன் வரமாட்டானா?”

“நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்குள்ள எந்த வழியா மாமா வருவான்?”

மாமனார் யோசித்தார். யோசித்துக்கொண்டே லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் போன் சார்ஜரைச் செருகினார்.

“மாமா, கையை எடுங்க. அதையெல்லாம் தொடாதீங்க!”

சமையலறைக்குத் திரும்பியிருந்த மகளின் கையில் கரண்டி நின்றது. இந்த வீட்டில் அவன் குரல் இவ்வளவு உயர்ந்து அவள் கேட்டதில்லை.

“பயமா இருக்கு மாப்பிள்ளை. ஏதாவது ஆயிடுச்சா?”

“பதற்றப்படாதீங்க சார். நான் லைன்லயேதான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் எதிரே இருப்பது வாடிக்கையாளர் இல்லை, மாமனார் என்று அவனுக்கு உறைத்தது.

மாமனார் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றி. உங்க பேரைத் தெரிஞ்சுக்கலாமா?” என்றார்.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மகளுக்கு மட்டும் ஆறவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“போதும்ப்பா. அவரை ஆட்டிவச்சது போதும். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுக்கலாம். நீங்க எழுந்திரிங்க.” கடைசி வார்த்தை கணவனுக்கு.

“நீ சும்மா இரு. பாதியில விட முடியாது,” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எல்லாம் தயார் மாமா. ரௌட்டருக்குள்ள போக பாஸ்வேர்ட் சொல்லுங்க.”

“அதெல்லாம் சொல்லமாட்டேன். இந்த வீட்டுல அது எனக்கு மட்டும்தான் தெரியும். நானே அடிக்கறேன், அந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினான். டக் டக்கென்று அடிக்கிற சத்தம். திரையில் ரௌட்டரின் பக்கம் திறந்தது.

ரௌட்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் எது, எப்போது போட்டது என்று மேலேயே எழுதியிருந்தது. மாப்பிள்ளை படித்தான். தான் இறக்கி வைத்த ஃபைலின் பெயரைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

இரண்டும் ஒன்றுதான். புது ஃபர்ம்வேர் ஏற்கெனவே உள்ளே இருந்தது. போட்டது போன வியாழக்கிழமை.

மெதுவாகத் திரும்பினான். பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, நிறுத்திட்டீங்க?” என்றார், நிமிராமலே.

“என்னங்க ஆச்சு?” என்று மனைவியும் எட்டிப்பார்க்க வந்தாள்.

அவன் லேப்டாப்பைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“படுமோசமா இருக்கு மாமா,” என்றான். “நல்ல வேளை, என்னைக் கூப்பிட்டீங்க.”