பட்டை மாறிய வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனி மாட்டிவிட்ட பட்டை என் மணிக்கட்டு வலியை அளந்துகொண்டே இருக்கிறது. அளவு தாண்டினால் தையல் வேலை போய்விடும். ஆகவே, பரிசோதனை வாரம் மட்டும் பட்டையை என் மனைவி பூங்கோதை கையில் கட்டினேன்.

"வீட்டில் சும்மா இருக்கிற கைதானே" என்றேன்.

"ஆமா, ரொம்பச் சும்மா!" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. வலி முன்பைவிட இரு மடங்காம். வேலைக்கு வர வேண்டாம், உடனே மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டரைப் பார்க்கவும் என்றிருந்தது.

"என்ன கோதை, சொல்லவே இல்லையே?"

"எங்கிட்ட யாரு கேட்டா? பட்டைகூட உங்களுக்குத்தானே குடுத்தாங்க."

என் பெயரில் வந்த சீட்டோடு அவளைத்தான் கூட்டிப் போனேன். மருத்துவர் அவள் மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எத்தனை வருஷமா இப்படி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை, அக்கா.