உமி மூட்டை அறை

“2024 மே 14. பாட்டுப் பதியும் அறையில் எதிரொலியும் வெளிச்சத்தமும் வராமலிருக்க யன்னலை உமி மூட்டைகளால் அடைத்தேன். அயலாரிடம் சொல்லாமல் செய்து ஊரைக் கதைக்க வைத்தது என் பிழை.”

வேணுஜா பின்னேர ஒலிப்பதிவு வகுப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்கார ஸஜாத் போனில் அழைத்தார்.

“தங்கச்சி, யன்னலைச் சாக்கால அடைச்ச வீடு எதெண்டு ஒராள் விசாரிக்கிறார். சிவில் உடுப்பு. ஒட்ட வெட்டின தலை. ஆமியோ பொலிஸோ தெரியேல்லை.”

பக்கத்தில் நின்று கேட்ட அம்மா இராசேஸ்வரியின் முகம் வெளுத்தது. “சண்டை நேரம் உன்ர அப்பாவையும் இப்பிடித்தான் விசாரிச்சுக்கொண்டு வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். மூட்டையக் கண்டா பங்கர் எண்டு நினைப்பாங்கள், எல்லாத்தையும் இழுத்து எறி பிள்ளை!”

இருவரும் மூட்டைகளைக் கிணற்றடிக்கு இழுத்தார்கள். வேணுஜா மைக்கை அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. வந்தவர் நேரே அறைக்குள் போனார்.

“மூட்டையள் எங்க?”

“என்ன மூட்டை ஐயா?” அம்மா கதவடியில் நின்று கேட்டார்.

“ஊரே சொல்லுது. நான் பொலிஸ் அம்மா, என்னட்ட ஒளிக்காதேங்கோ.”

“கழட்டிப்போட்டம் சேர்,” என்றாள் வேணுஜா.

அவர் அங்கிருந்த கட்டிலில் தொப்பென்று இருந்தார். “நாசமாப் போச்சு! மகளின்ர பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் பாடி அனுப்ப வேணும். ஸ்டேசனில வாய் திறந்தாலே சிரிக்கிறாங்கள். நீங்கள் பாட்டுப் பதிய அறை செய்யிறியளெண்டு உங்கட பின்னேர வகுப்பு மாஸ்டர் சொன்னவர். வெளிய ஒருத்தருக்கும் கேக்காதெண்டு நம்பி ஓடி வந்தனான்.”

இராசேஸ்வரி சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் அமர்ந்தார்.

பொலிஸ்காரரை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிய பிறகு வேணுஜா கொப்பியை எடுத்து எழுதினாள்:

“நாளைய வேலை: சேர் பாட வருமுன் மூட்டைகளைத் திரும்ப அடுக்குவது.”