பூவோடு நின்றவன்

“ஓரத்துல கறுப்பு அடிச்சுடாதீங்க. அப்படி இருட்டாத் தெரியாது,” என்றாள் சிந்துஜா.

ஏணி மேல் நின்ற ஆதிமூலம் பிரஷ்ஷை இறக்கினான். அவன் சுவர் விளம்பரம் வரைகிறவன். சிந்துஜா கண் நோய் ஆராய்ச்சி செய்கிறவள். இருவரும் சேர்ந்து கிரிவலப் பாதைச் சுவர் ஒன்றில் ஒரே தெருவை இரண்டு படமாக வரைந்துகொண்டிருந்தார்கள். நல்ல கண்ணுக்குத் தெரிகிற தெரு இடப்பக்கம். கண் அழுத்த நோய் வந்த கண்ணுக்குத் தெரிகிற தெரு வலப்பக்கம்.

“பின்ன இன்னாதான் மேடம் தெரியும்?”

“நடுவுல இருக்கிற மலை பளிச்சுனு தெரியும். ஓரத்துல நிக்கிற ஆடு, ஆட்டோ மட்டும் இருக்காது. அது இல்லன்னே அவங்களுக்குத் தெரியாது. வலியும் கிடையாது. அதனாலதான் யாரும் டெஸ்டுக்கு வரமாட்டேங்கறாங்க.”

வலப்பக்கப் படத்தில் ஆடும் ஆட்டோவும் மறைந்தன. ஆனால் இடப்பக்கப் படத்தின் ஓரத்தில் புதிதாக ஓர் ஆள் முளைத்திருந்தான். கையில் மல்லிகைப் பூ.

“இது யாரு?”

“நான்தான் மேடம்.” ஆதிமூலத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. “வீட்ல கோவமா கீறா. மச்சான் பொண்ணு காதுகுத்துக்கு வேலை இருக்குதுனு நான் போவல. அதுலேர்ந்து என்னைத் திரும்பியே பாக்கறதில்ல. நேத்து பக்கத்துல நின்னு பூவை நீட்டறேன், வாங்காமயே போயிட்டா.”

“கோவமானு கேட்டீங்களா?”

“கேட்டா, எனக்கு இன்னா கோவம்னு சொல்றா. அப்படிச் சொன்னா கோவம் இன்னும் ஜாஸ்தினு அர்த்தம். உங்களுக்குக் கல்யாணம் ஆவல மேடம், தெரியாது.”

சிந்துஜா சிரித்துவிட்டாள். “சரி, போன் பண்ணி வரச் சொல்லுங்க. உங்களைப் படத்துல பாத்தாவது மனசு மாறட்டும்.”

சாயங்காலம் படம் முடிந்த நேரத்தில் அவன் மனைவி சந்திரகலா வந்தாள். வந்த வேகத்தில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த ஏணியில் தோளை இடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா, ஏணி மேலயும் கோவம்,” என்று சிந்துஜாவிடம் கிசுகிசுத்தான் ஆதிமூலம். சிந்துஜா இந்த முறை சிரிக்கவில்லை.

அவன் போய் மனைவிக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றான். இன்றைக்காவது சிரிப்பாளா என்று அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

சந்திரகலா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மலை அழகா வந்திருக்குது மேடம். ஆனா ரெண்டு படமும் ஒண்ணாத்தானே இருக்குது? இவரு தன்னையும் போட்டிருக்கேன்னு போன்ல சொன்னாரே, எங்க?”

ஆதிமூலம் இடப்பக்க ஓரத்தில் பூவோடு நின்ற தன் படத்தைப் பார்த்தான். மெல்ல நகர்ந்து, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

சந்திரகலாவின் முகமெல்லாம் சிரிப்பு. “வந்துட்டீங்களா? இவ்ளோ நேரம் எங்க போயிருந்தீங்க?”