களவு போன பாட்டு

"எங்கட பாட்டைக் களவெடுத்திட்டாங்களடி!"

மன்னார் பஸ் நிலையத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, றஞ்சிதா கத்திக்கொண்டே ஓடினாள்.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த றிப்கா, படியிலேயே நின்றுவிட்டாள். றஞ்சிதா அவள் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

போன வருடம் உப்புக்குளத்தில், றிப்கா வீட்டு அறையில், பதிவில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை ஒழுக ஒழுக இருவரும் செய்த பாட்டு அது. மெட்டு றிப்காவுடையது. குரல் றஞ்சிதாவுடையது.

இணையத்தில் விற்பனைக்குப் போட்டார்கள். கனடாவிலிருக்கும் றஞ்சிதாவின் சித்தி மட்டும் வாங்கினாள். அவளுக்கும் அதைத் திறக்கத் தெரியவில்லை.

"இனி நான் பாடேல்லை. எனக்குக் காணும், போதும்" என்று போன மாதம் றஞ்சிதா போனில் அழுதாள். அடுத்த கிழமையே மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இன்று காலை கடையில் நிற்கும்போதுதான் யாரோ ஒரு படத்தை அனுப்பினார்கள். றிப்கா படிக்கும் கம்பஸில் ஒட்டியிருந்த அறிவித்தல். காசு கொடுத்து வாங்காத பாட்டுகளை விடுதி வைஃபையில் பரப்புவது திருட்டு, செய்பவர்கள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. விடுதி முழுக்கப் பரவிய பாட்டுக்கு உதாரணமாக ஒரேயொரு பெயரைப் போட்டிருந்தார்கள்.

அது அவர்களுடைய பாட்டு.

'பஸ்ஸில வாறன்' என்று றிப்கா அனுப்பியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் றஞ்சிதா ஓடி வந்திருந்தாள்.

"விடுதி முழுக்கவாம்! கம்பஸ் பெட்டையள் காசு குடுக்காமக் கேக்கிறாளவையாம்!"

றிப்காவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினாள். கச்சான் கடலை விற்பவர் கடதாசிச் சுருளை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஓட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். றஞ்சிதா வாய்விட்டுப் பல்லவியைப் பாடினாள், பஸ் நிலையத்தின் நட்டநடுவில், வெட்கமே இல்லாமல்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய முன்பின் தெரியாத பெண்ணொருத்தி, யார் பாடுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், அடுத்த வரியை முணுமுணுத்தபடி அவர்களைக் கடந்து போனாள்.

றஞ்சிதா பாட்டை நிறுத்தித் திரும்பி அவளைப் பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு முன்னையைவிடப் பலமாகச் சிரித்தாள்.

"ஆரடி முதல்ல அதைப் போட்டது? அந்த மகராசியை ஒருக்கா நான் காணவேணும். பாவம், விடுதியால கலைச்சுப்போட்டாங்களோ?"

"ஓம். ரெண்டு கிழமைக்கு."

கண்டக்டர் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து சுருட்டிக் கட்டிய மெத்தையொன்றையும், தலையணை திணித்த வாளியொன்றையும் இறக்கி, றிப்காவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

றஞ்சிதா வாளியைப் பார்த்தாள். றிப்காவைப் பார்த்தாள்.

"என்ர பாட்டுத்தான் மிஸ் எண்டு விடுதி வோடனிட்டச் சொன்னனான்" என்றாள் றிப்கா. "பிடிபடுற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவையாம்."