முதல் ஐந்து சீட்டு

"நான் வந்தப்ப இங்க ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு எப்படிய்யா ஆறாம் நம்பர்?"

தியாகராசன் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் நின்ற இருபது பேரும் அதைப் பார்த்தார்கள்.

பாபநாசம் கடைத்தெருவில் டாக்டர் விண்ணரசி ஒன்பது மணிக்குத்தான் பார்க்க ஆரம்பிப்பார். கம்பவுண்டர் அடைக்கலசாமி ஆறு மணிக்கே வந்து, வந்தவர்களுக்கு வரிசைப்படி நம்பர் சீட்டு கொடுத்துவிடுவார். மொத்தம் முப்பது. அதற்குமேல் வந்தால் மறுநாள்தான்.

"முதல் அஞ்சு போயிடுச்சுங்க," என்றார் அடைக்கலசாமி.

"யாரு வாங்குனா?"

"இன்னும் வரலைங்க. நான்தான் எடுத்து வச்சிருக்கேன். ஒன்பது மணிக்கு வருவாங்க."

வரிசை சலசலத்தது.

"அப்படிப் போடு," என்றார் ஏழாம் நம்பர் ஜன்னத் பீவி. "நாம விடியறதுக்கு முன்னாடி வந்து மழையில நனையணும். அவங்க காபி குடிச்சு, வெத்தலை போட்டு, சாவகாசமா ஒன்பது மணிக்கு வருவாங்க. கேளுங்க தம்பி. நீங்க கேட்டாத்தான் உண்டு."

தியாகராசன் கேட்கக்கூடியவர்தான். குத்தகைதாரர் சங்கத் தலைவர். நாலு வருஷத்துக்கு முன்னால் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தபோது, மிராசுதார் வாசலில் முந்நூறு பேரோடு உட்கார்ந்து, ஒவ்வொருவர் பேரையும் பதிய வைத்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் பேரிலும் ஒரு வேலி, கிட்டத்தட்ட ஏழு ஏக்கர், நிலம் பதிவாகியிருந்தது.

"அடைக்கலம், நம்ம ஆட்சி வந்து இத்தனை வருஷம் ஆச்சு. இன்னுமா ஒண்ணாம் நம்பர் பெரிய வீட்டுக்கு?"

"பெரிய வீடு இல்லீங்க."

"அப்ப யாரு? பேரைச் சொல்லு."

"பேரை மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"வெளிய தெரிஞ்சா அவங்களுக்குக் கஷ்டம்."

"கேட்டுக்கங்கய்யா," என்று வரிசைப் பக்கம் திரும்பினார் தியாகராசன். "வைத்தியம் பாக்கறது தெரிஞ்சா கஷ்டமாம். அப்படி என்ன ரகசிய வியாதி?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அடைக்கலசாமி சிரிக்கவில்லை.

"தலைவரே, அதுல ஒண்ணு கைப்பிள்ளைக்கு. மூணு நாளா ஜுரம். அந்தப் பிள்ளையோட அம்மாவால உங்க மாதிரி விடியக்காலம் வந்து நிக்க முடியாது. வந்தாலும் அரைமணிக்கு மேல இருக்க முடியாது. உடனே பாத்து அனுப்பலைன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிடுவாங்க. மத்த நாலு பேரும் அதே மாதிரிதான். டாக்டரம்மாவுக்கும் தெரியும்."

"எல்லா வீட்டுலயும்தான் பிள்ளைக்கு ஜுரம் வருது. ஆளுக்கு ஒரு சட்டம் கிடையாது. எல்லாரும் வரிசையில வரட்டும்."

சொல்லிக்கொண்டே அடைக்கலசாமியின் சட்டைப் பையில் கைவிட்டு ஐந்து சீட்டுகளையும் எடுத்துவிட்டார். ஒன்றை வைத்துக்கொண்டார். மற்ற நாலையும் வரிசைப்படி பின்னால் நீட்டினார்.

"எனக்கு ரெண்டாம் நம்பரா?" ஜன்னத் பீவி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா ஊசி போடுறதுக்கு முன்னாலயே எனக்குப் பாதி வலி போயிடுச்சு தம்பி."

அடைக்கலசாமி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது அடித்தது. உள்ளே மணிச் சத்தம் கேட்டது.

"ஒண்ணாம் நம்பர்."

தியாகராசன் படியில் கால் வைத்தார். அப்போதுதான் அவள் ஓடிவந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. மழைக்குச் சாக்கை மடித்து முகம் மறையத் தலையில் போட்டிருந்தாள். இடுப்பில் பழம்புடவையில் சுற்றிய குழந்தை.

படிக்குக் கீழே வந்தவள் தியாகராசனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

"போயிடாத தாயி, நில்லு," என்றார் அடைக்கலசாமி.

அவள் நின்றாள். சாக்கு இன்னும் கீழே இறங்கியது.

தியாகராசன் சேற்றுக் காலைப் பார்த்தார். இறங்கி வந்து குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். சுட்டது.

"இதுதானா அந்தப் பிள்ளை? நடவு வயல்லேருந்தா வர்றே?"

தலை மட்டும் அசைந்தது.

"கஞ்சிக்கு விட்ட அரைமணியில ஓடியாந்திருக்கு," என்று அவர் வரிசைக்குச் சொன்னார். "ஏன் அடைக்கலம், இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் ஏதோ பெரிய மனுஷன் வீட்டுக்குன்னு நினைச்சுட்டேன். இந்தா தாயி, ஒண்ணாம் நம்பர். உனக்கு மிஞ்சித்தான் எனக்கு."

சீட்டை அவள் கையில் வைத்து அழுத்தினார். ஜன்னத் பீவி தன்னுடையதையும் அடைக்கலசாமியிடம் திருப்பி நீட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள்.

"தலைவர்னா தலைவர்தான்," என்று யாரோ சொன்னார்கள்.

தியாகராசனுக்கு அதோடு விட மனசில்லை.

"பிள்ளை இப்படி அனலாக் கொதிக்குது. இதை மரத்தடியில போட்டுட்டு விடியக்காலமே நடவுக்கு எறங்கச் சொன்னவன் எவன்? பயப்படாம பேரைச் சொல்லு. இன்னிக்கே சங்கத்துல நிக்கவச்சுக் கேக்கறேன்."

அடைக்கலசாமி சீட்டுகளை எண் பார்த்து அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

அவள் மெல்லச் சாக்கை எடுத்தாள். அம்சம். தியாகராசனுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"கஞ்சி நேரம் முடியறதுக்குள்ள ஓடிடுறேன் தலைவரே," என்றாள். "உங்க வயல்ல என் பங்கு நாத்து ஒரு முடிகூட மிச்சம் வைக்க மாட்டேன்."